டம்ளர் மங்கினால் டிஷ்வாஷரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: டிஷ்வாஷர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் புகை படிந்த மாதிரி மங்கிவிட்டன. அலுமினியப் பாத்திரம் ஒன்று கறுத்தே போய்விட்டது. விலை கூடிய டிஷ்வாஷர் மாத்திரைக்கு மாறலாமா, இல்லை மெஷினே மட்டமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மங்கிய டம்ளர் ஒன்றை எடுத்து, துணியில் வினிகர் தொட்டு ஓர் ஓரத்தை மட்டும் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் பளிச்சென்று ஆனால் அது கடின நீர் (கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீர்) விட்டுப்போன சுண்ணாம்புப் படிவுதான், கவலை இல்லை. தேய்த்தும் அப்படியே இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக வானவில் நிறம் அடிக்கிறது என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போய்விட்டது, அதை எதைப் போட்டும் மீட்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய நேர் எதிர். படிவு வருவது தண்ணீர் கடினமாக இருப்பதால். அரிப்பு வருவதோ தண்ணீர் ரொம்ப மென்மையாக இருந்து, பவுடரும் சூடும் அளவுக்கு மேல் போகும்போது. எது என்று பார்க்காமல் டம்ளர் மங்குகிறதே என்று பவுடரைக் கூட்டினால், அரிப்பாக இருந்தால் அதை நீங்களே வேகப்படுத்துகிறீர்கள். அளவைக் குறைக்க முடியும் என்பதற்காகவே நான் மாத்திரையைவிட பவுடரைத்தான் சொல்வேன். கண்ணாடிக்கென்று சூடு குறைந்த புரோகிராம் இருந்தால் அதில் போடுங்கள்.

அலுமினியம் கறுத்தது மெஷினின் குற்றம் இல்லை. இந்த பவுடர், மாத்திரை எல்லாமே காரம் மிகுந்தவை, அலுமினியத்தின் மேல் காப்பாக இருக்கும் ஆக்சைடு படலத்தை அவை கரைத்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரை அதில் கொதிக்கவைத்தால் கறுப்பு ஓரளவு குறையும், ஆனால் மறுபடி உள்ளே வைத்தால் மறுபடி கறுக்கும். எண்ணெய் பழக்கிய இரும்புச் சட்டி, மரக் கரண்டி, நல்ல கத்தி, வெற்றிடச் சுவர் உள்ள ஃபிளாஸ்க், இவை எல்லாம் கையால் கழுவ வேண்டியவைதான். புதிதாகப் பாத்திரம் வாங்கும்போது அடியில் டிஷ்வாஷர் குறி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், மூடிக்கும் சேர்த்து, ஏனென்றால் பாத்திரம் தாங்கும், மூடி தாங்காது என்பது சகஜம்.

கேள்வி: எங்கள் தண்ணீரே உப்புத் தண்ணீர். இதில் மெஷினுக்கு வேறு உப்புப் போட வேண்டுமா?

பதில்: மெஷினில் அதற்கென்று இடம் இருந்தால், கட்டாயம் போட வேண்டும். உங்கள் தண்ணீரில் தொல்லை தருவது கால்சியமும் மெக்னீசியமும். மெஷினுக்குள் இருக்கும் பிசின் மணிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல்தான் பிடித்துவைத்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவி வெளியே தள்ளும். சமையல் உப்பு வேண்டாம், அதில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் உண்டு, பொடியும் ரொம்ப நைஸ். இதற்கென்று விற்கும் கல் உப்பையே வாங்குங்கள். கழுவப் போடுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப வேண்டும், சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் எவர்சில்வர் தளமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அப்புறம், தண்ணீரின் கடினத்தன்மையை மெஷினில் செட் செய்தீர்களா? பலர் கம்பெனியில் வைத்த அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். ‘எல்லாம் ஒன்றில்’ மாத்திரை இருந்தால் உப்பே வேண்டாம் என்ற விளம்பரத்தை ரொம்பக் கடினமான தண்ணீர் உள்ளவர்கள் நம்ப வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாக்கள் மட்டும் ஈரமாகவே வருகின்றன. சில நாள் மாத்திரையும் கரையாமல் கிடக்கிறது.

பதில்: பீங்கானும் எவர்சில்வரும் தங்கள் சூட்டிலேயே காய்ந்துவிடும், பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைக்காது. கடைசி அலசலில் தண்ணீர் வழிந்தோட உதவும் ரின்ஸ் எய்ட் என்ற திரவத்தை ஊற்றுங்கள், டப்பாவை மேல் தட்டில் சாய்த்துக் கவிழ்த்து வையுங்கள், முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து விடுங்கள். மாத்திரை கரையவில்லை என்றால் பெரிய தட்டு ஏதோ மாத்திரை போடும் பெட்டியின் மூடியை மறிக்கிறது, அல்லது அவசர புரோகிராமில் அது கரைய நேரம் போதவில்லை. தண்ணீர் பீய்ச்சும் கைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், கரண்டிக் காம்பு இடித்தால்கூட நின்றுவிடும்.

கேள்வி: பவுடர் தீர்ந்துவிட்டால் சிங்க்கில் வைத்திருக்கும் லிக்விட்டை ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. நுரை கதவிடுக்கு வழியே தரைக்கு வந்துவிடும். ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டதா? சரி, மெஷினை நிறுத்தி, தண்ணீரை வெளியேற்றி, நுரையை அள்ளி எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் அலசும் புரோகிராமை நுரை அடங்கும்வரை ஓட்டுங்கள்.