உண்ணிக் காய்ச்சலும் உலர் திராட்சையும்: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாயை வாரந்தோறும் உண்ணி மருந்து கலந்த நீரில் குளிப்பாட்டுகிறோம். நான்கைந்து நாளில் காதிலும் விரலிடுக்கிலும் மறுபடி உண்ணி ஏறிவிடுகிறது. சென்ற மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் தேறிவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். இப்போது மீண்டும் சாப்பிட மறுக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்? — மதுரை வாசகர்

பதில்: முதலில் உணவு மறுப்பைக் கவனியுங்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, தட்டணுக்களின் எண்ணிக்கை உள்ளிட்ட முழு இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது எர்லிக்கியா என்ற பாக்டீரியாவாலும் வரலாம், பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணியாலும் வரலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, சில நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. எர்லிக்கியாவுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாட்கள் விடாமல், உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓரிரு நாளிலேயே காய்ச்சல் விட்டு நாய் வாலாட்டத் தொடங்கிவிடுவதால் பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உடலில் தங்கிவிட்ட கிருமி வாரங்களோ மாதங்களோ கழித்துத் தலைதூக்கும்போது, முன்பைவிட நலிந்த நாயைத்தான் தாக்குகிறது. ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் கசிதல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், அடர்ந்த காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

உண்ணி திரும்பத் திரும்ப ஏறுவதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, குஞ்சுப் பருவம் தொடங்கி முதிரும் வரை ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் பின்புறமும் நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் ஒளிந்திருந்து, அடுத்த பருவத்துக்கு மாறிய பிறகே மீண்டும் நாயின் மேல் ஏறுகிறது. வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி, இறப்பதற்கு முன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிடும். ஆகவே விரிசல்களைப் பூசி அடைப்பது, படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் அலசுவது, சுவரின் அடிப்பகுதியில் மருத்துவர் சொல்லும் மருந்தைத் தெளித்து அது உலரும் வரை நாயை அண்டவிடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் சில மாதங்களுக்குத் தொடர வேண்டும். நாய்க்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் நல்ல பலன் தருகின்றன. வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் கொடுமை. நாய் அந்த மண்ணெண்ணெயை நக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: நாயின் உடல் சூடாக இருந்ததால் பாதி பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தோம். குழந்தைகளுக்கே கொடுக்கும் மருந்துதானே, பயமில்லையே? — சேலம் வாசகி

பதில்: பயப்பட வேண்டிய மருந்துதான். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் எனப்படும் அளவு அதற்கு நலத்தின் அடையாளம். எனவே கையால் தொட்டுப் பார்த்தோ மூக்கு காய்ந்திருப்பதைப் பார்த்தோ காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. பாராசிட்டமால் அளவு மீறும்போது நாயின் கல்லீரல் சிதைகிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறுகள் பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ தெரியும். சிறிய நாய்க்குப் பாதி மாத்திரையே மிகையாகிவிடக்கூடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு, நாயின் எடையையும் கொடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்; நாய் சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் செல்லுங்கள்.

கேள்வி: பண்டிகையன்று மீந்த பாயசத்தை எங்கள் லாப்ரடார் குடித்துவிட்டது. அதில் உலர் திராட்சை இருந்தது. இது ஆபத்தா? — கோவை வாசகர்

பதில்: ஆம். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை, எத்தனை தின்றால் தீங்கு என்று முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை. இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் நம் புளியில் நிறைய உண்டு என்பதால், புளிச்சோற்றையும் ரசம் விட்ட சோற்றையும் நாயின் தட்டில் வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றோடு சேரும் வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இன்னும் வேகமானது. அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும்.

தின்ற முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து நச்சின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். வீட்டில் உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயின் மூளையைப் பாதிக்கும்.

கேள்வி: எங்கள் பக் நாயைக் காலை ஒன்பது மணிக்கு நடக்க அழைத்துப் போகலாமா? — வேலூர் வாசகி

பதில்: கோடையில் வேண்டாம், ஆறு மணிக்கு முன்பாகவே முடித்துவிடுங்கள். நாய் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் குறுகலானது. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொசுங்கும். தள்ளாடினாலோ நாக்கு கருஞ்சிவப்பானாலோ நிழலில் கிடத்தி, உடல் முழுதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைச் சுழலவிட்டு, பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஈரத் துணியால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி பார்வோ நோயில் இறந்துவிட்டது. பிள்ளைகள் உடனே வேறு குட்டி கேட்கிறார்கள். — நாகர்கோவில் வாசகர்

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் பல கிருமிநாசினிகளுக்கு அது அழியாது. தரையை நன்றாகக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தடுப்பூசி போட்டு முடித்த குட்டியையோ, தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயையோ தேர்ந்தெடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் பலனைத் தடுத்துவிடக்கூடும். அதனால்தான் 16 வாரத்தில் போடும் அந்தக் கடைசி ஊசியைத் தவறவிடக் கூடாது.