மகள் நடிக்கப் போகிறேன் என்கிறாள்: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் இருக்கும் ஓர் அப்பாவுக்கு

சார், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதினோராம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி, பள்ளி நாடகத்தில் தொடர்ந்து முக்கிய வேடம், இப்போது கல்லூரியிலும் நடிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் யாரை வைத்து அளக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். அவள் மைத்ரேயி ராமகிருஷ்ணனைக் காட்டுகிறாள். 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் கனடாத் தமிழ்ப் பெண் ஒருத்தி நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகி ஆனது உண்மை. நீங்கள் மன்ஹாட்டன் ஓட்டல்களில் தட்டு ஏந்தும் நடிகர்களைக் காட்டுகிறீர்கள், அதுவும் உண்மை. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, இந்த வேலையையே ஆயுசு முழுக்கச் செய்து குடும்பம் நடத்தியவர்கள். அவர்களில் ஒருவரைச் சொல்கிறேன்.

ஜெர்ரி ஆர்பாக். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும்: 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் பிணத்தைப் பார்த்துவிட்டு வறண்ட குரலில் ஒரு கிண்டல் அடிப்பாரே, டிடெக்டிவ் லென்னி பிரிஸ்கோ, அவர்தான். அந்த வேடம் அவருக்குக் கிடைத்தது 1992 நவம்பரில். அப்போது வயது 57. உங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஆட்குறைப்புக்குப் பயப்படும் வயது.

அதற்கு முன் என்ன செய்தார்? 1955-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டத்தை முடிக்காமலே நியூயார்க் வந்தார் (இந்த வரியை மகளிடம் காட்ட வேண்டாம்). ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்தில் சின்ன வேடங்களும் மாற்று நடிகர் வேலையுமாகத் தொடங்கி, கடைசியில் அதே நாடகத்தில் பெரிய வேடத்துக்கு வந்தார். 1960-ல் 'தி ஃபன்டாஸ்டிக்ஸ்' என்ற இசை நாடகம். சுமார் 150 பேர் உட்காரும் அரங்கு, அவ்வளவுதான். அந்த நாடகம் 2002 வரை, 42 வருடம் ஓடியது, ஆனால் அவர் அதிலேயே உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த வருடமே நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'கார்னிவல்' நாடகத்தில் இருந்தார். 1969-ல் டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருது அது. 1975-ல் 'சிகாகோ'வில் வக்கீல் பில்லி ஃப்ளின், 1980-ல் '42-வது தெரு'. இந்தக் கடைசி நாடகத்தின் முதல் நாள் இரவு, கைதட்டல் ஓயாத நேரத்தில், இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று காலையில் இறந்துவிட்டார் என்று தயாரிப்பாளர் மேடையிலேயே அறிவிக்கிறார். நடிகர்களுக்கும் அப்போதுதான் தெரியும். எல்லோரும் உறைந்து நிற்க, திரையை இறக்கச் சொன்னது ஆர்பாக்தான். மறுநாளும் காட்சி இருந்தது.

இப்படி விருது வாங்கின மனிதருக்குத் தொலைக்காட்சி உடனே கதவைத் திறந்ததா என்றால், இல்லை. 1987-ல் அவரையே நாயகனாக வைத்து வந்த துப்பறியும் தொடர் ஒரே சீசனில் நின்றுபோனது. 1991-ல் 'லா அண்ட் ஆர்டரில்' ஒரே ஒரு எபிசோடில் எதிர்த்தரப்பு வக்கீலாக வந்துபோனார். அடுத்த வருடம் அதே தொடரில் ஓர் இடம் காலியானது, கூப்பிட்டார்கள், 2004 வரை 12 வருடம். பாடத் தெரிந்ததும் வீண்போகவில்லை: டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கார்ட்டூனில் பேசிப் பாடும் மெழுகுவர்த்தித் தாங்கி அவர் குரல்தான், உங்கள் மகள் சின்ன வயதில் கண்டிப்பாகப் பார்த்திருப்பாள்.

சரி, இன்றைய நிலவரம். ஆர்பாக் ஏறிய ஏணியின் சில படிகள் இப்போது இல்லை. அவர் நடித்த காலத்தில் ஒரு சீசனுக்கு 22 எபிசோடுக்குக் குறையாது, நியூயார்க்கிலேயே படப்பிடிப்பு, நாடக நடிகர்கள் பகலில் அங்கே ஒரு சின்ன வேடம் செய்துவிட்டு இரவு மேடைக்கு ஓடலாம். இப்போது ஸ்ட்ரீமிங் தொடர்களுக்கு எட்டு, பத்து எபிசோடுதான். மறு ஒளிபரப்புக்குக் கிடைக்கும் பங்குப் பணமும் சுருங்கிவிட்டது, 2023-ல் திரை நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிராட்வேயில் சங்க ஒப்பந்தப்படி குறைந்தபட்சச் சம்பளமே வாரத்துக்கு 2,000 டாலருக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது, வாரத்துக்கு எட்டு காட்சி. ஆனால் நாடகம் மூன்றாவது வாரத்தில் மூடினால் சம்பளமும் அன்றோடு மூடும்.

என்னைக் கேட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டியது மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. திரை நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் காப்பீடு கிடைக்க, பொதுவாக அந்தச் சங்க ஒப்பந்த வேலைகளிலேயே வருடத்துக்கு சுமார் 28,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை. மேடை நடிகர் சங்கமான ஈக்விட்டியில் எத்தனை வாரம் வேலை செய்தோம் என்பது கணக்கு. 26 வயது வரை அவள் உங்கள் காப்பீட்டில் இருக்கலாம், ஆகவே பட்டம் முடித்து நான்கு வருடம் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேலை இல்லாத மாதங்களை ஓட்ட ஒரு கைத்தொழில் அவளிடம் இருக்க வேண்டும். கணக்கில் கெட்டி என்கிறீர்களே, டியூஷன் எடுக்கலாம், வரிக் கணக்குப் போடலாம். நடிகர்களுக்குப் பத்து இடத்திலிருந்து பத்து வருமானப் படிவம் வரும், அதைப் புரிந்துகொள்ளும் ஆளுக்கு அந்த வட்டாரத்திலேயே வேலை உண்டு.

கல்லூரி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், கடன் வாங்கி நடிப்புப் படிக்க வைக்காதீர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளியில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரட்கர்ஸ் இருக்கிறது, அதன் மேசன் குரோஸ் கலைப் பள்ளியில் நடிப்பில் பிஎஃப்ஏ (நடிப்புப் பயிற்சியே பிரதானமான இளங்கலைப் பட்டம்) உண்டு, மாநிலத்தவருக்கான கட்டணத்தில். வேறொரு பாடமும் சேர்த்துப் படிக்க வேண்டுமென்றால் பிஏ திட்டங்களைப் பாருங்கள். நார்த்வெஸ்டர்னில் நாடகத்தோடு இன்னொரு மேஜர், அதாவது இன்னொரு முதன்மைப் பாடம், எடுப்பது சகஜம். பயிற்சி போதவில்லை என்று பிறகு தோன்றினால் யேல் நாடகப் பள்ளி இருக்கிறது, 2021 முதல் அங்கே கல்விக் கட்டணமே இல்லை. நுழைவதுதான் குதிரைக்கொம்பு.

அப்புறம், இந்தக் கோடையிலேயே அவள் இரண்டு மோனோலாக் (ஒருவரே பேசி நடிக்கும் சின்னப் பகுதி) தயார் செய்யட்டும். பல கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பு இலையுதிர் காலத்திலேயே முதல்கட்ட வீடியோ கேட்கும். அதில் தேறினால் ஜனவரி, பிப்ரவரியில் நேர்முக ஆடிஷன், நிறையக் கல்லூரிகள் நியூயார்க்கில் ஒரே இடத்தில் கூடும். எடிசனிலிருந்து ரயில்தானே. நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் சார், உள்ளே விடமாட்டார்கள், வராந்தாவில் மற்ற அப்பா அம்மாக்களோடு காபியும் கையுமாக உட்கார்ந்திருங்கள்.