புரோலாக்டின் கூடினால் மூளையில் கட்டி என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 31. நான்கு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பமும் இல்லை, ஆனால் மார்பை அழுத்தினால் பால் போலக் கசிகிறது. ரத்தப் பரிசோதனையில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் 92 என்று வந்திருக்கிறது. பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். பயத்தில் தூக்கமே இல்லை. நெஞ்செரிச்சலுக்குப் போடும் கேப்ஸ்யூலைத் தவிர வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.

பதில்: அந்த கேப்ஸ்யூலின் அட்டையை முதலில் கையில் எடுங்கள். ரபெப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் என்ற பெயரை அடுத்து லெவோசல்பிரைடு, டோம்பெரிடோன் இரண்டில் ஒன்று அச்சிட்டிருக்கிறதா? இருந்தால், உங்கள் தொந்தரவு முழுவதற்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வயிற்று மருந்துக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பிட்யூட்டரி, மூளைக்கு அடியில் எலும்புக் குழி ஒன்றில் உட்கார்ந்திருக்கும் அரை கிராம் சுரப்பி. தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாம் அதன் சொல்லுக்குத்தான் வேலை செய்கின்றன. அதற்கே உத்தரவு போடுவது, மேலே மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி. பிட்யூட்டரியின் பெரும்பாலான ஹார்மோன்கள் ஹைபோதலாமஸ் தூண்டினால்தான் சுரக்கும். புரோலாக்டின் மட்டும் நேர் எதிர். விட்டால் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் டோபமைன் என்ற பிரேக்கை ஹைபோதலாமஸ் எப்போதும் அழுத்தியபடியே வைத்திருக்கிறது. லெவோசல்பிரைடும் டோம்பெரிடோனும் அந்த டோபமைனைத் தடுக்கும் மருந்துகள். பிரேக் விட்டுப்போகிறது, புரோலாக்டின் ஏறுகிறது, பால் கசிகிறது. ஏறிய புரோலாக்டின் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களை அடக்கிவிடுவதால் மாதவிலக்கும் நின்றுபோகிறது.

கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு இந்த அளவு பொதுவாக 25-க்குள் இருக்கும். 200-ஐத் தாண்டினால் கட்டியைத்தான் முதலில் சந்தேகிப்போம். 92 என்பது இரண்டுக்கும் நடுவில். மருந்தாலும் இவ்வளவு ஏறும், சிறிய கட்டியாலும் ஏறும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கர்ப்பப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. அப்புறம், கேப்ஸ்யூலை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த மருந்து இல்லாத மாற்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திக் குறைந்தது மூன்று நாட்கள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். எழுந்ததும் ஓடாதீர்கள். தூக்கத்தில் புரோலாக்டின் ஏறும், ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். பால் வருகிறதா என்று மார்பை அழுத்திப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், அதுவே அளவைக் கூட்டும். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும், தைராய்டு மாத்திரை போட்டாலே இறங்கிவிடும். (இதைப் படிக்கும் வேறு யாராவது மனநலத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து தாமாக நிறுத்த வேண்டாம். மனநல மருத்துவரிடம் பேசித்தான் எதையும் மாற்ற வேண்டும்.)

மருந்தை விட்டும் இறங்கவில்லை, தைராய்டும் சரியாக இருக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ. அவசியம். விடாத தலைவலி இருந்தாலோ, பக்கவாட்டில் வருகிற ஆள், வண்டி தெரியாமல் போனாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது, பெரிய கட்டி அதை அழுத்தும்.

ஒருவேளை கட்டியே இருந்தாலும், புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். பெண்களிடம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். கேபர்கோலின் மாத்திரையை வாரத்துக்கு ஓரிரு முறை போட்டாலே அநேகம் பேருக்கு ஹார்மோன் இறங்கி, கட்டியும் சுருங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படுகிறது.

இன்னொன்று: அளவு இறங்க ஆரம்பித்ததும், மாதவிலக்கு திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவரலாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றிருந்தால், மருந்தை மாற்றும் நாளிலிருந்தே கருத்தடை முறையைக் கடைப்பிடியுங்கள்.