தொண்டியிலிருந்து ஜனவரியில் டொரண்டோ போகும் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், குளிரால் என்ன ஆபத்து?

முதலில் கால்தான். வருடக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம்; கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடந்தே பழகியவருக்கு மைனஸ் 15 டிகிரியில் விரல் உறைந்து வெளிறினாலும் வலி தெரியாமலே போகலாம். கம்பளிக் காலுறையும் ஈரம் புகாத பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள், தினமும் ராத்திரி விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள். குளிருகிறதென்று ஹீட்டர் பக்கத்திலோ வெந்நீர்ப் பையிலோ காலை வைக்க விடாதீர்கள், சுட்டாலும் தெரியாது, அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு.

அப்புறம் இன்சுலின். ராமநாதபுரத்து வெயிலில் சூடாகாமல் காப்பாற்றித்தான் நமக்குப் பழக்கம், அங்கே நேர்மாறு. ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையிலேயே இருக்கட்டும், வெளியே போகும்போது கோட்டுக்கு உள்பக்கம். விரல் சில்லிட்டிருந்தால் ரத்தம் சரியாக வராது, வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்துவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுக்கம் வந்தால் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள், சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தமும் ஏறும். பனி அள்ளும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்கவே வேண்டாம்.