கைபேசிக் கடையில் விற்கும் ‘பிள்ளைகள் பாதுகாப்பு பேக்கேஜ்’ வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் அருகே சிற்றூரில் வசிக்கிறோம். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9 வயது. வீட்டில் தினமும் புழங்குவது என்னுடைய கைபேசி ஒன்றுதான். போன வாரம் மகன் விளையாட்டுச் செயலியில் எதையோ வாங்கிவிட்டான். 1,740 ரூபாய் போய்விட்டது. கைபேசிக் கடையில் காட்டினேன். 3,500 ரூபாய் கொடுத்தால் ஒரு பாதுகாப்புச் செயலியைப் போட்டுத் தருவதாகவும், அதன்பிறகு பிள்ளைகள் எதைத் தொட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? கைபேசியை ஒரேயடியாகப் பிடுங்கிவைக்கவும் மனம் வரவில்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இணையத்தில் நல்லதாக என்ன இருக்கிறது?

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அந்தப் பணத்துக்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, காசில்லாமலே கிடைக்கிற ஒன்று. இல்லையென்றால் வீட்டுக்குள் வரவே கூடாத ஒன்று.

காசில்லாமல் கிடைப்பது கூகுளின் ஃபேமிலி லிங்க் என்னும் செயலி. பிள்ளை எந்தச் செயலியை இறக்க முயன்றாலும் உங்கள் ஒப்புதலைக் கேட்கும்படி அதில் வைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு போடலாம். இரவு 9 மணிக்குமேல் கைபேசி தானாகப் பூட்டிக்கொள்ளும்படியும் செய்யலாம். கடைக்காரர் சொல்லும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

வீட்டுக்குள் வரக்கூடாதது எப்படி இருக்கும் என்பதற்கு நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தந்தை தம் மகளின் கைபேசியை என்னிடம் கொண்டுவந்தார். ஏதோ ஒரு கடையில் 4,000 ரூபாய் கொடுத்துப் ‘பாதுகாப்பு’ போட்ட நாளிலிருந்து கைபேசி சூடாகவே இருக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை என்றார். திறந்து பார்த்தபோது, அந்தச் செயலி பிளே ஸ்டோரில் இருந்து வந்ததே அல்ல என்பதும், ஏ.பி.கே. என்னும் செயலிக் கோப்பாகக் கடையில் நேரடியாக ஏற்றப்பட்டது என்பதும் தெரிந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக ‘அக்சஸிபிலிட்டி’ என்றொரு அனுமதி கைபேசியில் இருக்கிறது. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். அது அங்கே திறந்துவிடப்பட்டிருந்தது. பெற்றோர் கணக்கு என்று பதிவாகியிருந்த மின்னஞ்சல் தந்தையுடையது அன்று, கடையுடையது. அதாவது, பதினோரு வயதுச் சிறுமி இந்த நிமிடம் எந்தத் தெருவில் நிற்கிறாள் என்பதை அப்பாவைப் போலவே கடையில் இருப்பவரும் பார்த்துக்கொண்டிருக்க முடியும். இதை விளக்கிச் சொன்னதும் அந்த மனிதர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

பெரும்பாலான கடைக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை, அவசரத்தில் செய்கிறார்கள். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் முகவரி நினைவிருக்காது, வரிசையில் நான்கு பேர் நிற்பார்கள், தம் முகவரியைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். பிள்ளையின் வயதைச் சரியாகப் போட்டால் கூடுதல் கேள்விகள் வரும் என்று பிறந்த ஆண்டை 1995 என்று போட்டுவிடுவதும் வழக்கம். அந்த ஒரு பொய்யால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் அத்தனையும் அந்தக் கணக்குக்கு இல்லாமல் போகின்றன. ஆகவே கணக்கு, கடவுச்சொல், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் உங்கள் விரலால் நீங்களே இடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஏ.பி.கே. கோப்பு யாரிடமிருந்து வந்தாலும் தொட வேண்டாம். உறவினர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும் இதே பதில்தான். பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது.

ஃபேமிலி லிங்க் பற்றி ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பிள்ளையின் கணக்கைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, உங்கள் கணக்கில் ஓடும் உங்கள் கைபேசியைக் கட்டுப்படுத்தாது. பொதுக் கைபேசியில் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அதனால் பயனில்லை. பீரோவில் பழைய கைபேசி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். திரையில் கீறல் விழுந்திருந்தாலும் போதும். அதை முழுவதுமாக அழித்து, சிம் போடாமல், மகனின் உண்மையான பிறந்த தேதியோடு ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக் கொடுங்கள். வங்கிச் செயலியே இல்லாத கைபேசியிலிருந்து பணம் எப்படிப் போகும்?

பழைய கைபேசி இல்லையென்றால், உங்கள் கைபேசியிலேயே செய்யக்கூடியவை உண்டு. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்க்ரீன் பின்னிங்’ என்று இருக்கும். அதை இயக்கி, வெளியேறும்போது கடவு எண் கேட்கும்படியும் வைத்து, செயலியைப் ‘பின்’ செய்து கொடுத்தால், அந்த ஒரு செயலியைத் தவிர வேறு எதற்கும் உங்கள் கடவு எண் இல்லாமல் பிள்ளை போக முடியாது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். மகனின் கைரேகையைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். ‘அவனே திறந்துகொள்ளட்டும்’ என்று பல அம்மாக்கள் பதிந்துவிடுகிறார்கள், பிறகு அதே விரல்தான் வாங்குவதற்கும் ஒப்புதலாகிவிடுகிறது. வீடியோவுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியைப் பயன்படுத்துங்கள். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டுமே தெரியும்படி வைக்கும் வசதி இருக்கிறது. வயதுப் பிரிவை மட்டும் நம்பிவிடாமல் அதைப் பயன்படுத்துவதே நல்லது.

இனி அந்த 1,740 ரூபாய். மகனை அடிக்காமல், திட்டாமல், ‘எப்படி வாங்கினாய், எனக்குச் செய்துகாட்டு’ என்று கேளுங்கள். உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண் அவனுக்குத் தெரிந்திருக்கலாம், கார்டு சேமிக்கப்பட்டிருக்கலாம், பணத்தைத் தவணைதோறும் தானாகப் பிடித்துக்கொள்ளும் ‘ஆட்டோபே’க்கு என்றோ ஒரு நாள் நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கலாம். ஆட்டோபே ஒருமுறை உறுதியாகிவிட்டால், அடுத்தடுத்த தவணைகள் 15,000 ரூபாய் வரை எண் கேட்காமலே போகும். யு.பி.ஐ. லைட் வைத்திருந்தால் 1,000 ரூபாய் வரையிலான பரிமாற்றத்துக்கு எண்ணே தேவையில்லை. பணம் அனுப்பும் பொத்தானை முதல் திரையில் பளிச்சென்று வைக்கிறவர்கள், ஆட்டோபேயை நிறுத்தும் இடத்தை மட்டும் நான்கு திரைக்கு உள்ளே ஒளித்துவைப்பது ஏன் என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேடிப் பிடித்து நிறுத்துங்கள்.

பணம் திரும்ப வருமா என்பது, அது யாருக்குப் போனது என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்கு விவரத்தைத் திறந்து, பணம் பெற்றவர் பெயரைப் பாருங்கள். அங்கே கூகுள் பிளே என்று இருந்தால், அது மோசடி அன்று. உங்கள் மகன் செய்த கொள்முதல். வங்கிக்கு ஓடிப் பயனில்லை. வாடிக்கையாளர் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல் வெளியாள் ஒருவரால் பணம் போயிருந்து, நாம் 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால், இழப்பு நம்மைச் சேராது. ஆனால் ரகசிய எண்ணை நாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. அந்தப் ‘பிறர்’ பெற்ற பிள்ளையாக இருந்தாலும் வங்கி அப்படித்தான் பார்க்கும். எனவே கூகுள் பிளேயிடமே பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கியது என்பதை ஒரு காரணமாகவே அவர்கள் ஏற்று விண்ணப்பம் பெறுகிறார்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்பது உத்தமம். உங்களுக்கு ஒரு வாரம் கடந்துவிட்டதால், அந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கும் எழுத வேண்டியிருக்கும். செயலியின் பிளே ஸ்டோர் பக்கத்திலேயே அவர்கள் முகவரி இருக்கும். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் எழுதுங்கள்.

அதற்கு மாறாக, பணம் பெற்றவர் இடத்தில் முன்பின் தெரியாத ஒரு தனியாளின் பெயர் இருந்தால், ‘இலவச டயமண்ட் தருகிறேன்’ என்று விளையாட்டுக்குள் யாரோ பேசி வாங்கியிருக்கக்கூடும். அது மோசடி. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடுவதற்குள் நிறுத்திவைப்பதற்காக ஏற்பட்ட எண் அது. முதல் முறை இணைப்புக் கிடைக்காவிட்டால் மீண்டும் மீண்டும் அழையுங்கள். புகார் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் இல்லை. புகார் எழுதித் தருகிறேன் என்று 500 ரூபாய் கேட்பவர்களும், போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அழைப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இரண்டாம் வகையினர் ஒரு முறை ஏமாந்தவரை மறுபடி ஏமாற்றுவதற்கென்றே வருகிறவர்கள். கூகுள் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடி, முதலில் வருகிற எண்ணை அழைப்பதும் இதே குழியில்தான் கொண்டுபோய்விடும்.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. எனக்கோ அவளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. வாட்ஸ்அப் வைத்திருக்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. அப்படியிருந்தும், பிள்ளைகள் கையில் கைபேசி கொடுக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் காலையில் அறிவுரை சொல்லும் பள்ளிகளே, மாலையில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகின்றன. ஒரு கரும்பலகையும் நோட்டுப் புத்தகமும் செய்துவந்த வேலைக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளை இரவு எட்டு மணிக்கு இணையத்துக்குள் நுழைய வேண்டியிருப்பதை எந்த அதிகாரியும் கேள்வி கேட்பதில்லை. உங்கள் எண்ணில் வரட்டும், நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். மகளிடம் ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவையுங்கள்: யாராவது அவள் படத்தைக் கேட்டாலோ, வைத்துக்கொண்டு மிரட்டினாலோ, அவள் உங்களிடம் சொன்னால் அதற்காகக் கைபேசி பிடுங்கப்படாது. பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. அப்படி ஏதும் நேர்ந்தால் உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

விடுமுறைக்கு நான் முதலில் சொல்வது மெர்லின் என்னும் பறவைச் செயலி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது, விளம்பரம் இல்லை. இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பு பெரியது என்பதால் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். என் அக்கா மகனோடு ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் அதை இயக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்வீட்டு வேப்பமரத்திலிருந்து ‘ஊப், ஊப்’ என்று கனத்த குரல் வந்ததும் திரையில் செம்போத்தின் படம் எழுந்தது. ஒவ்வொரு முறை அது கூவும்போதும் அந்த வரி மின்னியது. மூன்றாம் நாள் அவன் கைபேசியைக் கீழேயே விட்டுவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு குரலைச் சொன்னான். இந்தச் செயலி ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் கேட்கும். பறவைக் குரலைக் கேட்கவும் ஊரை அறியவும் அவை தேவை. டார்ச் லைட் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் எதற்கு என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். அனுமதி என்றால் என்னவென்று அவர்களுக்கு அப்போது புரியும்.

மகளுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் அமைப்பு 2015இல் தொடங்கிய தளம். தமிழிலும் ஏராளமான படக்கதைகள், வாசிப்பு நிலை வாரியாக, இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலக் கதை ஒன்றை எடுத்து அவளே தமிழாக்கிப் பார்க்கவும் அங்கே இடமுண்டு. தம்பிக்கு ஒரு கதை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். சதுரங்கத்துக்கு லிச்செஸ், விளம்பரமும் கட்டணமும் இல்லை. அதில் ‘கிட் மோட்’ என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் அறிமுகம் இல்லாதவர் எவரும் பிள்ளைக்குச் செய்தி அனுப்ப முடியாது. பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் இதைத் தேடித் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அரவிந்த குப்தாவின் பொம்மைத் தளமும் நல்லது: தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் ஆகியவற்றால் செய்யும் பொம்மைகள், படத்தைப் பார்த்தாலே போதும், பத்து நிமிடத்தில் திரை அணைந்து தரையெல்லாம் காகிதமாகிவிடும்.

மகனுக்கு விளையாட்டின் மீது இவ்வளவு ஆசை என்றால், விளையாட்டை அவனே உருவாக்கட்டும். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் அதற்கென்றே இருக்கிறது. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். கணினி இருந்தால் வசதி, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கணினி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘உங்கள் பிள்ளைக்கு அபாரத் திறமை, இலவச மாதிரி வகுப்பு’ என்று தொலைபேசியில் தொடங்கி, பல ஆயிரம் ரூபாய்க்கு கோடிங் வகுப்பு விற்பவர்கள் இருக்கிறார்கள். மாதத் தவணை என்று அவர்கள் காட்டும் தாள் பல நேரங்களில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். பிள்ளை இரண்டாம் வாரம் வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. கட்டணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தவிர்க்கும்படி 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது. அந்த அழைப்பு வந்தால் ஆதார் எண்ணையோ, பான் எண்ணையோ, ஓ.டி.பி.யையோ சொல்லாமல் வைத்துவிடுங்கள்.