துண்டு வைத்தால் அச்சு அசல், விதை போட்டால் வேறு வேறு

தலவாக்கலைப் பக்கம் அரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "நன்றாகக் கொழுந்து தரும் ஒரு செடியில் துண்டு வெட்டி வைத்தேன். எல்லாம் தாயைப் போலவே வந்தன. அதே செடியின் விதையைப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று கட்டை, இலைகூட வேறு. சாதாரண தரம் படிக்கும் மகள், எல்லாம் கலத்தில் உள்ள கருவின் வேலை என்கிறாள். அப்படியா? இனி எதை வைப்பது?"

மகள் சொன்னது சரி. துண்டை மண் நிரப்பிய பையில் ஊன்றிச் சில கிழமைகள் கழித்து ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். வெட்டிய முனையில் வெளிறிய வீக்கமொன்று கட்டியிருக்கும். காயத்தை மூட அங்குள்ள கலங்கள் பிரிந்து பெருகியதன் அடையாளம் அது. கலம் இரண்டாகும் முன், அதற்குள் சிறு உருண்டையாக இருக்கும் கரு தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. தேயிலையின் கருவில் அந்த டி.என்.ஏ. 30 நிறமூர்த்தங்களாக, அதாவது 30 இழைகளாக, இருக்கிறது. பிரிந்த இரண்டு கலங்களிலும் அதே 30. எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்ற கட்டளையெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. தண்டில் இருந்தவரை வேருக்கான கட்டளை மூடியே கிடந்தது, வெட்டுப்பட்டதும் திறக்கிறது. ஒற்றை இலையும் சிறு தண்டும் முழுச்செடியாவது இப்படித்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

விதையில் அப்படியில்லை. பூவுக்குள் 30 பாதியாகி 15 ஆகிறது. எந்த 15 என்பது ஒவ்வொரு சூலிலும் மாறும். தேயிலை தன் சொந்த மகரந்தத்தில் அநேகமாகக் காய்க்காது. பூச்சி வேறு செடியிலிருந்து கொண்டுவரும் 15 சேர்ந்தால்தான் விதை. தாயைத்தான் உங்களுக்குத் தெரியும், தகப்பன் எந்தச் செடியோ.

ஆகவே துண்டே வையுங்கள். ஆனால் தாய்ச்செடியைத் தெரியும்போது ஏமாந்துவிடக் கூடாது. லயத்துக்குக் கீழே குப்பைமண் வந்து சேரும் இடத்தில் எந்தச் செடியும் கொழுத்துத்தான் நிற்கும். அது மண் கொடுத்த செழிப்பு. கருவில் இல்லாதது துண்டோடு கூட வராது. மேட்டு மண்ணிலும், கவ்வாத்துக்குப் பிறகும் சட்டென்று தழைக்கிற செடியைப் பாருங்கள். முடிந்தால் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இனங்களில் உங்கள் இடத்தின் உயரத்துக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அரை ஏக்கரையும் ஒரே செடியின் துண்டால் நிரப்பிவிடாதீர்கள். கரு ஒன்றென்றால் பலவீனமும் ஒன்றே. மழையும் மூட்டமும் விடாத நாட்களில் கொப்புள நோய் ஒன்றைப் பிடித்தால் மற்றதும் அதே அளவு தாங்காது. இரண்டு மூன்று இனங்களைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து வையுங்கள்.