அம்மிச்சியின் கைகளும் ஆசாரத்துத் தூண்களும்

கேள்வி: கோயமுத்தூரில் நுண்கலை படிக்கும் என் மகள், விடுமுறைதோறும் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள என் தாய்வீட்டுக்குச் சென்று, 83 வயதான தன் அம்மிச்சியின் சுருங்கிய கைகளையும், வருகிற தை மாதம் இடிக்கவிருக்கும் அந்த ஓட்டு வீட்டையும் மட்டுமே கரித்துண்டால் வரைகிறாள். வயதானவரை இப்படி வரைவது அபசகுனம் என்கிறார்கள் உறவினர்கள். நான் அவளைத் தடுக்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. 1514ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 63 வயதான தம் தாயைக் கரித்துண்டால் வரைந்தார். 18 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்த அந்த அம்மையாரின் நெற்றிக் கோடுகளையும் ஒட்டிய கன்னங்களையும் கழுத்து நரம்புகளையும் அவர் சிறிதும் மறைக்கவில்லை. இரண்டு மாதங்களில் தாய் காலமானபோது, அதே தாளில் அச்செய்தியை மையால் எழுதிச் சேர்த்தார். உங்கள் உறவினர்கள் இதையே தங்கள் பேச்சுக்குச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் அந்தத் தாய் அதற்கு ஓராண்டு முன்பிருந்தே கடும் நோயில் கிடந்தவர். அந்நாட்களில் மகன் தாயின் அருகே உட்கார்ந்து, அவர் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார் என்பதை இன்று பெர்லினில் பாதுகாக்கப்படும் அந்தத் தாள் நமக்குச் சொல்கிறது. நம் வீடுகளில் முதியவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் கிடைத்துவிடுகின்றன. அவர்களை ஒரு மணி நேரம் நின்று பார்ப்பவர்தாம் அரிது. உங்கள் மகள் பார்க்கிறாள். அவள் கேட்டுப் பெற வேண்டியது அம்மிச்சியின் சம்மதம் ஒன்றைத்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, அலிகரில் பிறந்த சரீனா ஹாஷ்மியின் (1937–2020) அச்சுப் படைப்புகளை அவள் பார்க்க வேண்டும். இழந்துபோன தம் தந்தையின் வீட்டை அவர் தரைப்பட வரைவாகவே செதுக்கினார். 1999இல் வீடு, வாசற்படி, கதவு, முற்றம் என ஒவ்வோர் உருதுச் சொல்லையும் ஒரு படமாக்கி, 36 மர அச்சுகளைக் கொண்ட தொகுப்பொன்றை உருவாக்கினார். உங்கள் மகளும் இடிப்பதற்கு முன் நாடாவைப் பிடித்து ஆசாரம் என்னும் கூடம், அடுப்படி, மாடு கட்டும் கட்டுத்தரை என ஒவ்வொன்றையும் அளந்து வரையட்டும். தானியம் கொட்டிவைக்கும் தொம்பை எங்கே இருந்தது, எந்தத் தூணில் தூரி (ஊஞ்சல்) கட்டினார்கள் என்பவற்றை அம்மிச்சி சொல்லச் சொல்ல, அவர் சொல்லும் சொற்களிலேயே படத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். இடிபட்ட பிறகு இவற்றைச் சொல்வதற்குக் கைகாட்டும் இடமும் இருக்காது.

கேள்வி: அந்தப் படங்களைத் தொட்டாலே கரி கையில் ஒட்டிக்கொள்கிறது. தாளும் பழுக்கிறது. என்ன செய்வது?
– அதே வாசகி

பதில்: கரித்துண்டில் பசை கிடையாது, தாளின் சொரசொரப்பில் தூள் தங்கியிருப்பதுதான் படம். தூளைத் தாளில் பிடித்துவைக்கவென விற்கும் நிலைநிறுத்தித் தெளிப்பானைத் (fixative) திறந்தவெளியில் வைத்து, ஒரேயடியாக நனைக்காமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும். நிறம் சற்றுக் கறுக்கும். மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருளும் அமிலமும்தான் மலிவுத் தாளைப் பழுக்கவைக்கின்றன என்பதால், இனி அமிலமற்ற தாளையே வாங்கிக் கொடுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி படத்தில் படாதபடி நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் தகடு வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தன்பால் இழுத்துவிடும். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.